மூன்று வாரத் தடை இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது ஏன்?
கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களும் மண்ணின் பிடியும்

1986 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20 ஆம் திகதி பிரித்தானிய அரசாங்கம் ஓர் அறிவித்தலை விடுத்தது. வட இங்கிலாந்தின் கம்பிரியாவிலும் வட வேல்ஸிலும் குறித்த சில மலைப்பகுதிகளில் மேயும் செம்மறியாடுகளை வேறிடத்துக்குக் கொண்டு செல்வதும், இறைச்சிக்காக அறுப்பதும் தடை செய்யப்படுவதாக அதில் கூறப்பட்டிருந்தது. இத்தடை மூன்று வாரங்களுக்கு மாத்திரமே நீடிக்கும் என அப்பகுதி விவசாயிகளுக்குக் கூறப்பட்டது. அதற்குள் ஆடுகளின் உடலில் சேர்ந்துள்ள கதிர்த்தொழிற்பாட்டுச் சீசியம் பாதுகாப்பான மட்டத்துக்குக் குறைந்துவிடும் என விஞ்ஞானிகள் கணித்திருந்தனர்.

மூன்று வாரங்கள் கடந்தன. சீசியத்தின் அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஜூலை மாதத்தில் தடை காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் சுமார் 9,700 பண்ணைகளும் 40 இலட்சத்துக்கும் அதிகமான ஆடுகளும் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. படிப்படியாக இத்தொகை குறைந்து வந்தபோதிலும், வட வேல்ஸில் 334 பண்ணைகளும் கம்பிரியாவில் 8 பண்ணைகளும் இறுதிவரை தடையின் கீழேயே இருந்தன. அவற்றின் மீதான கட்டுப்பாடு நீக்கப்பட்டது 2012 ஜூன் 1 ஆம் திகதியாகும். மூன்று வாரம் என்று சொல்லப்பட்டது ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகளாயிற்று.

இந்த ஆடுகளை அவ்வாறு பாதித்த விபத்து பிரித்தானியாவில் நிகழ்ந்ததன்று. 1986 ஏப்ரல் 26 ஆம் திகதி அன்றைய சோவியத் ஒன்றியத்துக்கு உட்பட்டிருந்த உக்ரேனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காவது உலை வெடித்தது. அங்கிருந்து எழுந்த கதிர்த்தொழிற்பாட்டு முகில் ஐரோப்பாவைக் கடந்து மே மாதம் 2 ஆம், 3 ஆம் திகதிகளில் பிரித்தானியாவின் மேலாகச் சென்றபோது மலைப்பகுதிகளில் கடும் மழை பெய்தது. மழையோடு சீசியம் மண்ணில் இறங்கியது. வளியின் போக்கும் மழையின் அளவும் பின்னர் சரிவரத் தெரியவந்தன. தவறு நேர்ந்தது மண்ணை விளங்கிக்கொண்ட விதத்திலாகும். மண்ணில் விழுந்த கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் அங்கேயே ஒட்டிக்கொள்ளுமா, அல்லது நீரோடு நகர்ந்து புல்லுக்கும் கிணற்றுக்கும் செல்லுமா என்ற வினாவுக்குத் தவறான விடை அளிக்கப்பட்டிருந்தது. உலகில் எங்கெல்லாம் அணுக் கழிவு புதைக்கப்படுகின்றதோ, எங்கெல்லாம் அணு உலை இயங்குகின்றதோ, அங்கெல்லாம் இவ்வினா எழுகின்றது. ஆகவே, இதற்கு விடை காணும் முறையைச் சாதாரண மக்களும் ஓரளவேனும் அறிந்திருப்பது அவசியமாகும்.

ஓர் எண்ணின் ஆட்சி

கதிர்த்தொழிற்பாட்டு மூலகமொன்று நீரில் கரைந்து மண்ணினூடாகச் செல்லும்போது அதன் ஒரு பகுதி மண்துணிக்கைகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றது. எஞ்சிய பகுதி நீரிலேயே இருக்கின்றது. மேற்பரப்பில் இவ்வாறு ஒட்டுவதைப் புறத்துறிஞ்சல் என்பர். ஒரு கிலோகிராம் மண்ணில் ஒட்டியுள்ள அளவை, ஒரு லீற்றர் நீரில் எஞ்சியுள்ள அளவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இதனைப் பரம்பல் குணகம் என அழைப்பர். இவ்வெண் பெரிதாயின் மூலகம் மண்ணோடு நிற்கும்; சிறிதாயின் நீரோடு போகும். ஆய்வுகூடத்தில் இதனை அளப்பது கடினமன்று. சிறிதளவு மண்ணையும் மூலகம் கரைந்த நீரையும் ஒரு குப்பியில் இட்டுக் குலுக்கி, பின்னர் நீரை வடித்து அதில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்த்தால் போதும்.

இந்த ஒற்றை எண்ணின் வலிமையை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். நிலத்தடி நீர் ஆண்டொன்றுக்கு 100 மீற்றர் நகரும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒவ்வொரு லீற்றர் நீருக்கும் 4 கிலோகிராம் மண் இருப்பதாகக் கொள்வோம். பரம்பல் குணகம் 100 எனில், நீரில் ஒரு பங்கு இருக்கும்போது மண்ணில் 400 பங்கு ஒட்டியிருக்கும். எனவே மூலகம் நீரின் வேகத்தில் 401 இல் ஒரு பங்கு வேகத்திலேயே நகரும். அதாவது ஆண்டுக்கு 25 சென்ரிமீற்றர். 50 மீற்றர் தொலைவிலுள்ள கிணறொன்றை அது அடைய 200 ஆண்டுகள் எடுக்கும். சீசியம்-137 இன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகளாகையால், அக்காலத்துக்குள் அதில் நூறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். கிணறு தப்பிவிடும்.

அதே இடத்தில் பரம்பல் குணகம் 100 அன்றி 10 தான் எனின் என்னவாகும்? மூலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நகரும். இருபது ஆண்டுகளில் கிணற்றை அடைந்துவிடும். அப்போது அதில் அறுபது வீதத்துக்கும் அதிகமானது அழியாமல் இருக்கும். ஒரேயொரு பூச்சியத்தின் வேறுபாடு, குடிக்கத்தக்க கிணற்றைக் குடிக்கத்தகாத கிணறாக்கிவிடும். உண்மையில், வெவ்வேறு மண்களில் ஒரே மூலகத்துக்கு அளக்கப்பட்ட பரம்பல் குணகங்கள் பத்து மடங்காக மாத்திரமன்றி ஆயிரம் மடங்காகவும் வேறுபடுகின்றன. ஆகவே, நூலொன்றில் உள்ள அட்டவணையிலிருந்து எண்ணொன்றை எடுத்துத் தம் ஊர் மண்ணுக்குப் பொருத்துவது ஆபத்தான செயலாகும்.

சீசியத்தைச் சிறைப்பிடிக்கும் களி

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? சீசியத்தையே உதாரணமாகக் கொள்வோம். மண்ணிலுள்ள களிக் கனியங்கள் மிக மெல்லிய படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்பைக் கொண்டவை. இவற்றுள் இல்லைற்று எனப்படும் களியில் படைகளுக்கிடையே பொற்றாசியம் அமர்ந்து அவற்றை இறுகப் பிணைத்து வைத்திருக்கின்றது. காலப்போக்கில் நீரும் வளியும் தாக்குவதனால் ஓரங்களில் உள்ள பொற்றாசியம் வெளியேற, படைகளின் விளிம்புகள் சற்றே விரிகின்றன. பழைய ஏட்டுச்சுவடியின் நடுப்பகுதி கட்டுக்குள் இறுகியிருக்க, ஓரங்கள் மாத்திரம் பிரிந்து நைந்திருப்பதைப் போன்றது இது. இந்த நைந்த விளிம்புகளே சீசியத்தின் சிறைக்கூடங்களாகும்.

கல்சியம், மக்னீசியம் போன்ற அயன்கள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் போர்வையாக இறுகப் பற்றிக்கொண்டிருப்பதனால் இந்த ஒடுங்கிய இடைவெளிக்குள் நுழைய முடிவதில்லை. சீசிய அயனோ தன் நீர்ப் போர்வையை எளிதில் கழற்றிவிடக்கூடியது. ஆகவே அது விளிம்புக்குள் நுழைந்து அமர்ந்துகொள்ளும். நாளடைவில் படைகள் மீண்டும் மூடிக்கொள்ள, சீசியம் வெளியேற வழியின்றி உள்ளே அகப்பட்டுவிடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமர்ஸும் அவரது குழுவினரும் 1988 இல் இந்த விளிம்பிடங்களின் பிடிப்பாற்றலை அளவிட்டு வெளியிட்டனர். சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவகத்தைச் சேர்ந்த பிராட்பரி, பேயன்ஸ் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் இதனைப் பொதுவானதொரு கணித மாதிரியுருவாக்கினர். அவர்களது மாதிரியுருவின்படி, இல்லைற்றில் அயன்கள் அமரக்கூடிய இடங்கள் அனைத்திலும் இத்தகைய விளிம்பிடங்கள் 0.25 வீதம் மாத்திரமே. எனினும் சுற்றாடலில் காணப்படும் சீசியம் மிக அற்பமான அளவினதாகையால், அதனைப் பிடித்து வைப்பதற்கு இந்தக் கால் வீதமே போதுமானதாகும்.

ஆனால் இச்சிறைக்கூடங்களுக்குப் போட்டியாளர் இருவர் உள்ளனர். பொற்றாசியமும் அமோனியமும் பருமனிலும் இயல்பிலும் சீசியத்தை ஒத்தவை. மண்ணீரில் இவை மிகுந்திருப்பின் விளிம்பிடங்களை இவையே நிரப்பிக்கொள்ளும். சீசியம் வெளியே நிற்க நேரிடும்.

கம்பிரியாவின் மலைப்புலங்களில் நடந்ததை இப்போது விளங்கிக்கொள்ளலாம். அங்குள்ள மண் பெரும்பாலும் முற்றா நிலக்கரியை ஒத்த, உக்கல் மிகுந்த, அமிலத்தன்மையுள்ள மண்ணாகும். அதில் களி மிகக் குறைவு, அமோனியம் அதிகம். உக்கலில் அயன்கள் ஒட்டக்கூடிய இடங்கள் ஏராளமாக இருந்தாலும், அவை சீசியத்தைத் தனித்து அடையாளங்கண்டு பற்றுவதில்லை. ஆகவே சீசியம் கரைந்த நிலையிலேயே வேர்களின் அருகில் தங்கியது. பொற்றாசியத்தை நாடும் வேர்கள் அதனையும் உறிஞ்சின. புல்லை ஆடு மேய்ந்தது. ஆட்டின் எருவோடு சீசியம் மீண்டும் மண்ணுக்கு வந்தது. மறுபடியும் புல்லுக்குச் சென்றது. விஞ்ஞானிகளின் கணிப்போ களி மிகுந்த தாழ்நிலப் புல்வெளிகளின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. தாழ்நிலத்துக்கு அக்கணிப்பு சரியானதே. மலைக்கு அது பொருந்தவில்லை.

பிரித்தானிய சமூகவியலாளர் பிரையன் வின் இவ்விவகாரத்தை நேரில் ஆராய்ந்து எழுதியுள்ளவை சிந்திக்கத்தக்கவை. எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், எந்தச் சரிவில் ஆடு மேயும், எந்த மண் எத்தன்மையது என்பவற்றைத் தலைமுறைகளாக அறிந்திருந்த விவசாயிகளிடம் நிபுணர்கள் கேட்டறியவில்லை என அவர் சுட்டிக்காட்டினார். சீசியத்தைப் பற்றக்கூடிய பென்ரனைற்றுக் களியை நிலத்தில் தூவி, வேலியிட்ட பாத்திகளில் ஆடுகளை அடைத்து ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடுகள் அடைப்புக்குள் நலிந்துபோகும் என விவசாயிகள் எச்சரித்தனர். அவ்வாறே நடந்து, அப்பரிசோதனை கைவிடப்பட்டது. நிபுணர்களின் உறுதிமொழி ஒருமுறை பொய்த்த பின்னர், அவர்கள் சொன்ன சரியானவற்றையும் மக்கள் நம்ப மறுத்தனர் என்பதே இதில் மிகப் பெரிய இழப்பாகும்.

தென்னையில் ஏறிய சீசியம்

இதனைவிடத் துயரமான உதாரணம் பசுபிக் சமுத்திரத்தில் உள்ளது. மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினித் தீவுத்தொகுதியிலிருந்து 1946 இல் 167 மக்கள் அணுகுண்டுப் பரிசோதனைக்காக அகற்றப்பட்டனர். 1958 வரை அமெரிக்கா அங்கு 23 அணுவெடிப்புகளை நிகழ்த்தியது. 1968 இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன், அத்தீவு மீண்டும் குடியேறத்தக்கது என அறிவித்தார். சில குடும்பங்கள் திரும்பிச் சென்றன. புதிதாகத் தென்னைகள் நடப்பட்டன. ஆனால் அம்மக்களின் உடலில் சீசியம்-137 படிப்படியாக அதிகரித்து வருவது அளவீடுகளில் தெரியவந்தது. 1978 இல் அவர்கள் இரண்டாவது தடவையாகத் தம் மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது.

பிக்கினியின் மண் முருகைக்கல் மணலாகும். அதில் கல்சியம் காபனேற்றும் உக்கலும் உண்டு. களிக் கனியம் இல்லை எனலாம். பொற்றாசியமும் மிகக் குறைவு. பொற்றாசியப் பசியால் வாடும் தென்னை, அதற்கு மாற்றாகக் கிடைத்த சீசியத்தை ஆவலோடு உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூட விஞ்ஞானிகள் அங்கு தென்னைகளுக்குப் பொற்றாசியக் குளோரைட்டு உரமிட்டபோது தேங்காயில் சீசியத்தின் அளவு முன்னிருந்ததில் பத்திலொரு பங்களவுக்குக் குறைந்தது. 2011 இல் ஜப்பானின் புகுஷிமா விபத்துக்குப் பின்னர் நெல்வயல்களில் பொற்றாசிய உரமிடப்பட்டதும் இதே தத்துவத்தின் அடிப்படையிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒவ்வொரு குணம்

சீசியத்தின் கதை ஏனைய மூலகங்களுக்குப் பொருந்தாது. ஸ்ரொன்சியம்-90 கல்சியத்தை ஒத்தது. அது களியின் மேற்பரப்பில் சாதாரண அயன் பரிமாற்றத்தினாலேயே ஒட்டுகின்றது, சிறைப்படுவதில்லை. எனவே கல்சியம் மிகுந்த நீர் வரும்போது எளிதில் பெயர்ந்துவிடும். யுரேனியம் ஒட்சிசன் உள்ள நீரில் கரையும். ஒட்சிசன் அற்ற ஆழமான சேற்றில் வேறு நிலைக்கு மாறிக் கரையாது படியும். நீரில் காபனேற்று மிகுந்திருந்தால் யுரேனியம் அதனோடு சேர்ந்து, மண்ணில் ஒட்டாமல் நழுவிச் செல்லும். தெக்னீசியம்-99 ஒட்சிசன் உள்ள நீரில் மறையேற்றமுள்ள அயனாக இருப்பதனால், அவ்வாறே மறையேற்றம் கொண்ட களி அதனை விலக்கித் தள்ளுகின்றது. அதன் அரை ஆயுட்காலம் இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கும் அதிகமாகையால், அணுக் கழிவைப் புதைக்கத் திட்டமிடுவோரின் பெருங்கவலைகளுள் அதுவும் ஒன்றாகும்.

இக்காரணங்களாலேயே இன்றைய மாதிரியுருக்கள் ஒற்றை எண்ணோடு நின்றுவிடுவதில்லை. மண்ணில் எந்தக் கனியம் எவ்வளவு உள்ளது, நீரின் அமிலத்தன்மை என்ன, அதில் வேறு எந்த அயன்கள் உள்ளன, ஒட்சிசன் உண்டா என்பவற்றை உள்ளீடாகக் கொண்டு, மேற்பரப்பின் ஒவ்வொரு வகை இடத்திலும் எவ்வளவு ஒட்டும் என்பதை அவை இரசாயன விதிகளின்படி கணிக்கின்றன. பிரித்தானிய ஆய்வாளர்கள் 1999 இலும் 2001 இலும் வெளியிட்ட அப்சலொம் மாதிரியுரு இதற்கொரு நல்ல உதாரணம். களியின் அளவு, உக்கலின் அளவு, பொற்றாசியத்தின் அளவு, அமிலத்தன்மை போன்ற சாதாரண மண் பரிசோதனைத் தரவுகளைக் கொண்டே, அம்மண்ணில் வளரும் பயிருக்குச் சீசியம் எவ்வளவு செல்லும் என்பதை அது மதிப்பிடுகின்றது. கம்பிரியாவில் கற்ற பாடத்தின் பயன் இதுவெனலாம்.

எனினும் சிறந்த மாதிரியுருவும் உள்ளிடப்படாததைக் கூறாது. அமெரிக்காவின் ஹான்போர்ட் அணுவாயுத வளாகத்தில் 177 நிலத்தடித் தாங்கிகளில் கழிவு சேமிக்கப்பட்டது. அவற்றுள் சில கசிந்தன. அங்குள்ள மண்ணில் சீசியம் மேற்பகுதியிலேயே நின்றுவிடும் எனக் கருதப்பட்டிருந்தது. ஆனால் 1990 களில் சில தாங்கிகளின் கீழ் அது எதிர்பார்த்ததை விட மிக ஆழத்தில் காணப்பட்டது. கழிவில் அளவுகடந்த செறிவில் சோடியம் இருந்ததே இதற்குக் காரணமென ஆய்வுகள் காட்டின. விளிம்பிடங்களுக்குள் நுழைவதில் சோடியம் மிகப் பலவீனமான போட்டியாளரே. ஆயினும் பெருங்கூட்டமாக வரும்போது பலவீனமானதும் வென்றுவிடும்.

நெவாடாப் பாலைவனத்தில் 1968 இல் நிகழ்த்தப்பட்ட நிலத்தடி அணுவெடிப்பொன்றின் புளுட்டோனியம், அங்கிருந்து 1.3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிணற்று நீரில் இருந்ததாக 1999 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. புளுட்டோனியம் மண்ணில் மிக உறுதியாக ஒட்டும் மூலகமாகும். அப்படியாயின் அது நகர்ந்தது எவ்வாறு? ஒட்டியதனாலேயே அது நகர்ந்தது. நீரில் மிதந்து செல்லக்கூடிய கூழ்நிலை நுண்துணிக்கைகளில் அது ஒட்டிக்கொண்டு, அத்துணிக்கைகளோடு பயணம் செய்திருந்தது. மண் நிலையானது, நீர் மாத்திரமே நகர்வது என்ற எடுகோளின் மீது எழுந்த கணக்கு அங்கு பொய்த்தது.

அடையல்களின் நினைவாற்றல்

ஆற்றுப் படுக்கையிலும் கடலடியிலும் சேரும் அடையல்களுக்கும் இது பொருந்தும். பிரித்தானியாவின் செல்லாபீல்ட் அணுவளாகத்திலிருந்து ஐரிஷ் கடலுக்கு வெளியேற்றப்பட்ட கழிவு 1970 களின் நடுப்பகுதியில் உச்சத்தை அடைந்திருந்தது. அதிலிருந்த புளுட்டோனியத்தின் பெரும்பகுதியும் சீசியத்தின் ஒரு பகுதியும் கடலடிச் சேற்றில் ஒட்டின. பின்னர் வெளியேற்றம் பெருமளவு குறைக்கப்பட்டது. கடல்நீர் தூய்மையானபோது சேற்றில் ஒட்டியிருந்தது மெதுவாக நீருக்குத் திரும்பலாயிற்று. ஒரு காலத்தில் மாசை வாங்கிக்கொண்ட அடையல், பின்னர் மாசைக் கொடுக்கும் ஊற்றாக மாறியது. தொழிற்சாலையின் குழாயை மூடுவதனால் மாத்திரம் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பது இதன் பொருளாகும்.

புகுஷிமாவில் மண்ணின் பிடி நன்மையும் செய்தது, சுமையுமாயிற்று. அங்கு சீசியம் மேல்மண்ணின் சில சென்ரிமீற்றர்களுக்குள்ளேயே தங்கிவிட்டதனால் நிலத்தடி நீர் பெருமளவு தப்பியது. ஆனால் அந்த மேல்மண்ணை வழித்து எடுக்க வேண்டியிருந்தது. இவ்வாறு அகற்றப்பட்டு இடைக்காலச் சேமிப்பிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மண் சுமார் 140 இலட்சம் கனமீற்றர் ஆகும். 2045 மார்ச் மாதத்துக்குள் அதனைப் புகுஷிமா மாகாணத்துக்கு வெளியே இறுதியாக அப்புறப்படுத்த வேண்டுமென ஜப்பானியச் சட்டம் கூறுகின்றது. வழித்தெடுக்கப்படாத காடுகளிலிருந்து கடும் மழைக்காலங்களில் சேற்றோடு சீசியம் ஆறுகளினூடாகக் கடலை நோக்கிச் செல்கின்றது. கடல்நீரின் உப்பை அச்சேறு சந்திக்கும்போது ஒட்டியிருந்த சீசியத்தின் ஒரு பகுதி விடுபடுகின்றது.

நாம் அறிய வேண்டியது

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கற்பிட்டிக் கரையிலிருந்து சுமார் 225 கிலோமீற்றர் தொலைவில் தமிழ்நாட்டின் கூடங்குளம் உள்ளது. அங்கு முதலாவது உலை 2013 இலும் இரண்டாவது உலை 2016 இலும் மின்வழங்கலுடன் இணைக்கப்பட்டன. அந்நிலையம் ஆபத்தானது எனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. செர்னோபிலிலிருந்து கம்பிரியா ஏறத்தாழ 2,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது என்பதை மாத்திரம் நினைவூட்டுவது போதுமானது.

கவனிக்க வேண்டியது எமது மண்ணின் இயல்பையாகும். வெப்பவலயத்தில் நீண்டகாலமாக வெயிலுக்கும் மழைக்கும் உள்ளாகி உருமாறிய மண்களில் இல்லைற்றை விடக் கயோலினைற்று என்னும் களியே பொதுவாக மிகுந்து காணப்படுகின்றது. அதில் சீசியத்தைச் சிறைப்படுத்தும் விளிம்பிடங்கள் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரை நம்பி வாழ்கின்றனர். மேலே மெல்லிய மண் படை, கீழே வெடிப்புகளும் துவாரங்களும் கொண்ட பாறை என்றிருக்கும் இடத்தில் நீருக்கும் மண்ணுக்கும் இடையிலான சந்திப்பு குறுகியது. கற்பிட்டியின் மணற்பாங்கான மண்ணிலும் களி குறைவு. கிழக்கின் களிப்பாங்கான நெல்வயல்களோ வேறு தன்மையானவை. நீர் தேங்கும் வயலில் அமோனியம் சேரும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஆகவே ஐரோப்பிய மண்ணுக்கென அளக்கப்பட்ட எண்ணை இம்மண்கள் எல்லாவற்றுக்கும் பொருத்துவது, தாழ்நிலத்தின் எண்ணை மலைக்குப் பொருத்திய அதே தவறையே மீண்டும் செய்வதாகும்.

இவ்விடத்தில் புல்மோட்டைக் கனிய மணலையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அங்கு மொனசைற்றில் உள்ள தோரியம், மண்ணின் மேற்பரப்பில் வந்து ஒட்டியதன்று. பளிங்கின் உள்ளமைப்பிலேயே பிணைந்திருப்பது. அது எளிதில் நீரில் கரைவதில்லை. அம்மணலைப் பொறுத்தவரையில் தூசியைச் சுவாசித்தலும் மணலைக் கையாளும் முறையுமே கவனத்துக்குரியவை. ஒவ்வோர் ஆபத்தையும் அதற்குரிய அளவுகோலினால் அளக்கும்போதே வீண் அச்சமும் வீண் அலட்சியமும் ஒருங்கே விலகும்.

எமக்குத் தேவைப்படும் ஆய்வு பெருஞ்செலவு பிடிக்கும் ஒன்றல்ல. 1950 களிலும் 1960 களிலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுகளின் சீசியம் உலகெங்கும் மழையோடு மண்ணில் இறங்கியது. அதன் மிகச் சிறிய எச்சம் இன்றும் மண்ணில் உள்ளது. அது களியோடு ஒட்டியே நகர்வதனால், மண்ணரிப்பை அளக்க அதனைப் பல நாடுகளில் பயன்படுத்துகின்றனர். எமது வயல்களிலும் தோட்டங்களிலும் அந்த எச்சம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியுள்ளது, எந்தப் பயிருக்கு எவ்வளவு சென்றுள்ளது என்று அளந்தால், அரை நூற்றாண்டுக்கு மேலாக எமது மண்ணே நடத்திவந்த பரிசோதனையின் பெறுபேறு எமக்குக் கிடைக்கும். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க பணி இது. 2014 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை அணுசக்திச் சபையும் விவசாயத் திணைக்களமும் இதில் கைகோக்க முடியும்.

வளியில் கதிர்வீச்சை அளக்கும் கருவி, ஆபத்து எப்போது வந்தது என்று கூறும். அது எவ்வளவு காலம் தங்கும் என்பதை மண்ணைப் பற்றிய அறிவே கூற முடியும். கம்பிரிய விவசாயிக்கு முதலில் தேவைப்பட்டது இந்த இரண்டாவது விடையே. தன் ஆட்டை எப்போது விற்கலாம், எந்த மேய்ச்சல் நிலத்தில் விடலாம் என்பதை அதனைக்கொண்டே அவன் தீர்மானித்திருப்பான். ஆபத்து நேர்ந்த பின்னர் மண்ணை ஆராயத் தொடங்கிய ஒரு வளமிக்க நாடு, அந்த விடையைச் சரிவரக் கூறுவதற்குப் பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. எமது விவசாயிக்கும் மீனவருக்கும் அவ்வாறு காத்திருக்கும் வசதி இல்லை. மண்ணை அறிந்துகொள்ள ஏற்ற காலம், அதில் எதுவும் விழாதிருக்கும் காலமேயாகும்.